பாலாபுஷ்கான்னு சொல்லி வந்த ஒரு க்யூ: உடையப் போன டிரேட் எப்படி முடிஞ்சுது

கேஸ் இதுதான். அப்பா விட்டுட்டுப் போன ஒரு பழைய பூல் க்யூவை, அதாவது பூல் ஆட்டத்துல பந்தை அடிக்கிற கட்டையை, மகன் விக்க வந்தார், அது பேர்பெற்ற க்யூ மேக்கர் ஜார்ஜ் பாலாபுஷ்கா கையால செஞ்சதுன்னு அவங்க வீட்ல ரொம்ப நாளா பேச்சு. வாங்க வந்தவர் பழைய க்யூ சேர்க்கறதையே வாழ்க்கையா வெச்சிருக்கறவர், வேற மாநிலத்துல இருக்கார், ரெண்டு பேரும் அமெரிக்காவுலதான். முழுப் பணமா வேண்டாம், என்கிட்ட சவுத்வெஸ்ட் கம்பெனியோட க்யூ ஒண்ணு இருக்கு, அதோட மேல கொஞ்சம் காசும் தர்றேன்னு சேர்க்கறவர் சொன்னார், மகனும் சரின்னுட்டார். கை மாறறதுக்கு முன்னாடி நடுவுல ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும்னு ரெண்டு பேரும் சேர்ந்து க்யூவை என்கிட்ட அனுப்பினாங்க. நான் பார்த்துச் சொன்னதுக்கு அப்புறம் அந்த டீல் கிட்டத்தட்ட உடைஞ்சே போச்சு, அப்புறம் முழுக்க வேற கணக்குல முடிஞ்சுது. ரெண்டு பேர் சம்மதத்தோடதான் எழுதறேன், பேர் மட்டும் வேண்டாம்னாங்க.

இதை இவ்வளவு விரிவா எழுதறதுக்கு ஒரே காரணம்தான். இந்த வியாபாரத்துல பேர் இருந்தா முழு விலை, பேர் நிரூபணம் ஆகலைன்னா குப்பைன்னு ரெண்டே கட்டமா பார்க்கறாங்க. அப்படி இல்லவே இல்ல. ஒரு பழைய க்யூவுல எது உறுதியா தெரியும், எது அனேகமா அப்படி இருக்கலாம், எது வெறும் பேச்சுன்னு பிரிச்சுட்டா ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை உண்டு. இந்த டிரேட் பொழச்சதே அப்படிப் பிரிச்சதாலதான்.

முதல்ல அந்தப் பேர் ஏன் இவ்வளவு கனமானதுன்னு சொல்லிடறேன். பாலாபுஷ்கா 1912ல ரஷ்யாவுல பிறந்து, சின்ன வயசுல 1924ல அமெரிக்கா வந்தவர், நியூயார்க் புரூக்ளின்ல 1959ல இருந்து க்யூ செய்ய ஆரம்பிச்சு 1975 கடைசியில இறந்து போனார். அந்தப் பதினாறு வருஷத்துல மொத்தமே ஆயிரம் சொச்சம் க்யூதான் செஞ்சிருப்பார்னு பரவலா சொல்றாங்க. அப்புறம் 1986ல ஒரு ஹாலிவுட் படத்துல ஹீரோ கையில குடுக்கிற க்யூவை பாலாபுஷ்கான்னு சொன்னாங்க, அதுல காட்டினது உண்மையில ஜாஸ் கம்பெனி க்யூ, ஆனா பூல் டேபிள் பக்கமே போகாதவங்களுக்கும் அந்தப் பேர் தெரிஞ்சு போச்சு. அவர் பேரைப் போட்டு ஃபேக்டரியில செஞ்ச க்யூவும் பின்னாடி வந்துச்சு, அது ஒண்ணும் திருட்டு வேலை இல்ல, ஆனா வீட்டு மூலையில அந்த எழுத்தைப் பார்க்கிற பலர் லாட்டரி அடிச்ச மாதிரி நினைச்சுக்கறாங்க. நல்ல வேளை இந்தக் கேஸ்ல அந்தக் குழப்பம் இல்ல, ஏன்னா இந்த க்யூவுல எழுத்தே எதுவும் இல்ல.

எழுத்து இல்லங்கறதை வெச்சு மட்டும் அவர் செய்யலன்னு சொல்லிட முடியாது, கையெழுத்து இல்லாம அவர் கையில இருந்து வெளிய போன க்யூவும் உண்டு. எழுத்து இருந்தாலும் இதே கதைதான், ஒரு பேனாவும் மேல ஒரு கோட்டிங்கும் இருந்தா யார் பேரையும் யாரும் எழுதிடலாம். அதனால கட்டையைத்தான் பார்க்கணும்.

வந்த பெட்டியைத் திறந்ததும் ஒரு விஷயத்துக்காக அந்த மகனை மனசாரப் பாராட்டினேன், அவர் க்யூவைத் தொடச்சுப் பளபளப்பாக்கி அனுப்பல. அழுக்கு அப்படியே இருந்துச்சு, பந்தை அடிக்கிற மெல்லிசுத் துண்டான ஷாஃப்ட்ல சாக்பொடி நீலம் ஏறினது அப்படியே இருந்துச்சு. விக்கறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுக் கொண்டு வர்றவங்கதான் அதிகம், அவங்க தேய்ச்சு எடுக்கறதுல பாதி விலையும் சேர்ந்து போயிடும். தயவு செஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க, காஞ்ச மெல்லிசுத் துணியால தூசியைத் தட்டறதோட நிறுத்திக்கோங்க.

ஜன்னல் வெளிச்சத்துல பத்து மடங்கு லென்ஸ் வெச்சு பின்துண்டோட முன்பக்கத்துல இருந்து, அதாவது கைப்பிடிக்கு மேல இருக்கிற பகுதியில இருந்து, ஆரம்பிச்சேன். நாலு பாயின்ட், அதாவது வேற நிற மரத்துல கூம்பா முடியற வடிவம், ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல கலர் வெனீர்ங்கற மெல்லிசு மரத்தகடு அடுக்கு. பாயின்ட் முனை ஊசி மாதிரி கூர்மையா முடியுது. இது முக்கியம், ஏன்னா கம்ப்யூட்டர் மெஷின்ல பள்ளம் தோண்டி உள்ள பதிக்கிற பாயின்ட்டுக்கு முனை லேசா உருண்டுதான் வரும், கட்டர் உருண்டையா இருக்கறதால அதுக்கு மேல கூர்மையா போக வழி இல்ல. இங்க மரத்தை வி வடிவத்துல அறுத்துக் கோத்திருக்காங்க. நாலு முனையும் ஒரே உயரத்துல இல்ல, ஒண்ணு மத்ததை விட கொஞ்சம் கீழ நிக்குது, அந்தக் காலத்து வேலையில இந்த ஏத்த இறக்கம் சகஜம், இதைக் குறைன்னு சொல்லி விலை கொறைக்கப் பார்க்கறவங்களை நான் ஏத்துக்கறதில்ல. பச்சை வெனீர் வெளுத்து கிட்டத்தட்ட பழுப்பாயிருக்கு, அதுவும் வயசுக்குப் பொருந்தற விஷயம்தான்.

அடுத்தது கோர்வை எந்த வகைன்னு. ஃபுல் ஸ்ப்ளைஸ்னா முன்பக்க மேப்பிளும் பின்பக்கக் கருமரமும் விரல் கோத்த மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் ஒட்டியிருக்கும், பாயின்ட்டா தெரியற மரமேதான் கைப்பிடிக்கு அடியிலயும் ஓடும். ஹாஃப் ஸ்ப்ளைஸ்ல பாயின்ட்டுங்க முன்பக்கத்துல வெட்டின பள்ளத்துல ஒட்டினது, அதுக்குக் கீழ கைப்பிடி மரம் தனித்துண்டு, நடுவுல ஸ்க்ரூ போட்டு இணைச்சிருப்பாங்க. இந்த க்யூவுல கைப்பிடி மேல இருக்கிற லினன் நூல் சுத்து கீழ்முனையில தானாவே தளர்ந்து ரெண்டு மூணு சுத்து பிரிஞ்சு நின்னுச்சு, கத்தி வைக்காமலே உள்ள எட்டிப் பார்க்க முடிஞ்சுது, பாயின்ட்ல இருக்கிற அதே கருஞ்சிவப்பு மரம்தான் அடியிலயும். எக்ஸ்ரே எடுத்தோம், கைப்பிடிக்கு மேல ஸ்க்ரூ எதுவும் இல்ல. ஆக ஃபுல் ஸ்ப்ளைஸ்.

பிரன்ஸ்விக் கம்பெனி பில்லியர்ட்ஸ் சாம்பியன் வில்லி ஹாப்பி பேர்ல டைட்லிஸ்ட்னு ஒரு ஒத்தைத்துண்டு க்யூ போட்டுச்சு, கிளப்ல சுவர் ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சு வர்றவங்க போறவங்க எல்லாரும் ஆடற க்யூ. அதோட கோர்வை அவ்வளவு நேர்த்தி, அதனால க்யூ செய்யறவங்க அதை வாங்கி நடுவுல அறுத்து, திருகி இணைக்கிற ஜாயின்ட் போட்டு, கீழ புது பட், அதாவது அடிப்பகுதி, வெச்சு ரெண்டு துண்டு க்யூவா மாத்தினாங்க. பாலாபுஷ்காவும் ஆரம்பத்துல இதைத்தான் பண்ணார், அப்புறம்தான் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் ஸம்போட்டி மாதிரி ஆளுங்க செஞ்சு குடுத்த பிளாங்க்ல, அதாவது கோர்வை முடிஞ்ச மரக்கட்டையில, செஞ்சார். இந்த க்யூ டைட்லிஸ்ட்ல இருந்து வந்ததுன்னு எனக்கு நல்ல நம்பிக்கை, பாயின்ட்டும் வெனீர் வரிசையும் நான் பார்த்த டைட்லிஸ்ட்டோட ஒத்துப் போகுது. மகன் தரப்பு வாதம் இங்கதான் வேகம் எடுத்துச்சு, பாலாபுஷ்கா டைட்லிஸ்ட்ல செஞ்சார், இதுவும் டைட்லிஸ்ட், அப்ப இது அவர் செஞ்சதுதானேன்னு. ஆனா டைட்லிஸ்ட்டை மாத்தினவர் அவர் ஒருத்தர் மட்டும் இல்லையே. சிகாகோவுல ஹெர்மன் ராம்போ மாத்தினார், ஸம்போட்டி தன் ஆரம்ப காலத்துல மாத்தினார், பேரே பதிவாகாத கடைசல்காரங்க எத்தனையோ பேர் மாத்தினாங்க, இன்னிக்கும் பழைய டைட்லிஸ்ட் கிடைச்சா மாத்திட்டுத்தான் இருக்காங்க. பிளாங்க் எங்கிருந்து வந்துச்சுன்னு அந்த மரம் சொல்லும், மாத்தின கை யாரோடதுன்னு தெரியணும்னா ஜாயின்ட்டையும் அதை ஒட்டின ரிங்கையும் பட் பகுதியையும்தான் கேக்கணும்.

அங்கதான் சிக்கல். ஜாயின்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்க்ரூ அளவு 5/16-14. அந்தக் காலத்துல இருந்து இன்னிவரைக்கும் ஊர்ப்பட்ட பேர் போட்ட ஸ்க்ரூ அது, யாரையும் கை காட்டாது. பட் பகுதி வேற கதை சொல்லுச்சு. யூவி விளக்கு அடிச்சா முன்பக்கம் முழுக்க ஒரே சீரா ஒளிருது, கைப்பிடிக்குக் கீழ இருக்கிற பட் ஸ்லீவ் மட்டும் மங்கலா, வேற நிறத்துல. ரெண்டுக்கும் மேல இருக்கிற கோட்டிங் ஒரே நாள்ல அடிச்சது இல்லன்னு அர்த்தம். முன்பக்கத்துல இருக்கிற பழைய அடிபட்ட பள்ளங்களை லென்ஸ்ல பார்த்தா பள்ளத்துக்குள்ளயும் கோட்டிங் வழிஞ்சு பளபளன்னு இருக்கு, அடிபட்டதுக்கு அப்புறம் அடிச்ச கோட்டிங் அது. ஜாயின்ட் காலர் ஓரத்துல ஸ்டீல் மேலயே மெல்லிசா வார்னிஷ் ஏறி நிக்குது, நல்ல பட்டறையில இப்படி விட மாட்டாங்க. ஆக யாரோ எப்பவோ முன்பக்கத்தை ரீஃபினிஷ் பண்ணியிருக்காங்க. பட் ஸ்லீவ் மூல வேலையா, பின்னாடி மாத்தினதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல, அப்படியேதான் எழுதிக் குடுத்தேன்.

ஷாஃப்ட் ரெண்டு வந்துச்சு. ஒண்ணு தேன் நிறத்துக்கு வந்த பழைய மேப்பிள், அதோட ரிங் பட்ல இருக்கிற ரிங்கோட பொருந்துது, ஆனா பல தடவை தேய்ச்சுத் தேய்ச்சு முனை 12.4 மில்லிமீட்டருக்கு இளைச்சிருக்கு. இன்னொண்ணு வெள்ளை மரம், முனை 13 மில்லிமீட்டர், பிற்காலத்துல செஞ்சு சேர்த்தது. இந்த வெள்ளை ஷாஃப்ட்டை ஜாயின்ட்ல முறுக்கி நகத்தை ஓட்டினா ஷாஃப்ட் காலர் லேசா மேல நிக்கறது நகத்துல தட்டுது. தனித்தனியா மேசையில உருட்டினா பட்டும் நேரா உருளுது, இந்த ஷாஃப்ட்டும் நேரா உருளுது, சேர்த்து உருட்டினா மட்டும் நடுவுல ஆடுது. இதைக் கேட்டதும் க்யூ வளைஞ்சு போச்சுன்னு பயந்துடக் கூடாது, மரம் நல்லாத்தான் இருக்கு, ஜாயின்ட் முகம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காரல, அவ்வளவுதான், இது சரி பண்ணக்கூடிய விஷயம். விக்கறவங்க சேர்த்தும் பிரிச்சும் ரெண்டு விதமாவும் உருட்டி வீடியோ எடுத்துப் போட்டா வர்ற சண்டையில பாதி வராது.

பழைய ஷாஃப்ட்டோட முனைப் பூண், அதாவது பந்தைத் தொடற தோல் டிப்புக்கு அடியில இருக்கிற உறை, தந்தம். டிப் எடுத்துட்டுப் பூணோட வெட்டு முகத்தைப் பார்த்தா குறுக்கு மறுக்கா வலை மாதிரி கோடு, பிளாஸ்டிக்ல அது வராது. அமெரிக்காவுல 2016 ஜூலை 6ல இருந்து ஆப்பிரிக்க யானைத் தந்தம் மாநிலம் விட்டு மாநிலம் விக்கறதுக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. தந்தம் 200 கிராமுக்குக் கீழ, பொருளோட ஒட்டின பாகமா மட்டும், விலைக்கு அதுவே முக்கியக் காரணமா இல்லாம, பொருள் அந்தத் தேதிக்கு முன்னாடியே செஞ்சதா, தந்தம் 1990 ஜனவரி 18க்கு முன்னாடியே நாட்டுக்குள்ள வந்ததா இருந்தா விலக்கு உண்டு, இன்னும் சில நிபந்தனையும் இருக்கு. ஒரு பூண்ல இருக்கிற தந்தம் சில கிராம்தான், அதனால மத்திய சட்டத்துல வழி இருந்துச்சு. ஆனா கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மாதிரி மாநிலங்கள் தனியா இன்னும் இறுக்கமான சட்டம் வெச்சிருக்கு, சேர்க்கறவர் இருந்தது அப்படிப்பட்ட ஒரு மாநிலத்துல. சும்மா பார்சல்ல போட்டு அனுப்பிடலாம், யார் பார்க்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சு, நான் அதுக்கு உடன்படல. யானையைக் கொன்னு எடுத்த பொருள் அது, சட்டம் இறுகினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பூண் தேயற பாகம், மாத்தறது வழக்கமான பராமரிப்புதான். அனுபவமுள்ள க்யூ மேக்கர் ஒருத்தர் அதைக் கழட்டிட்டு மெலமின் பூண் போட்டார், முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்தோம், பழைய பூண் மகன்கிட்டயே நின்னுடுச்சு, விலையில சேரல.

கருஞ்சிவப்பு மரம் பிரேசில் ரோஸ்வுட்டா இருந்தா நாடு தாண்டிப் போகும்போது அதுக்கும் தொல்லை உண்டு, அழிஞ்சு வர்ற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டீஸ்ங்கற சர்வதேச ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல 1992ல இருந்து இருக்கற மரம் அது. இங்க உள்நாட்டுக்குள்ளயே முடிஞ்சதால அந்தப் பக்கம் போகல.

எதிர்ப்பக்கத்து சவுத்வெஸ்ட்ல பேச ஒண்ணும் இல்ல. ஆறு பாயின்ட், 3/8-11 ஸ்க்ரூ, அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச ஜெர்ரி ஃப்ராங்க்ளின் உயிரோட இருந்த காலத்து வேலை, ஆர்டர் ரசீது கூடவே இருக்கு. அவர் 1996ல இறந்துட்டார், அந்தக் காலத்து க்யூவைத் தேடறவங்க இன்னிக்கும் வரிசையில நிக்கறாங்க. காகிதமும் கட்டையும் ஒண்ணா இருக்கிற க்யூ எப்படி இருக்கணும்னு மகனுக்குக் காட்ட அதுவே போதுமா இருந்துச்சு.

இப்ப கணக்கு. டிரேட்ல ரெண்டு பேருமே தன் க்யூவுக்கு ஏத்திச் சொல்றது வழக்கம், காசுக்கு வித்தா இவ்வளவு, மாத்தினா இவ்வளவுன்னு ரெண்டு விலை வெச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஏத்தினா பரவாயில்ல, ஒருத்தர் மட்டும் ஏத்தினா இன்னொருத்தர் வித்தியாசக் காசுல அதை இழக்கறார். அதனால நான் வெச்ச ஒரே நிபந்தனை, முன்பின் தெரியாத ஒருத்தர் ரொக்கத்தோட வந்து நின்னா எந்த விலைக்குக் குடுத்துடுவீங்களோ அதை ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி எனக்கு அனுப்புங்க, டிரேட் விலை பேச்சே வேண்டாம்னேன்.

வந்த எண்ணுங்க மலைக்கும் மடுவுக்கும் நின்னுச்சு. மகன் நிரூபணமான பாலாபுஷ்கா விலையில மூணுல ரெண்டு பங்கு எழுதியிருந்தார். சேர்க்கறவர் என் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு யாரோ மாத்தின டைட்லிஸ்ட் விலைதான் எழுதியிருந்தார், அதுலயும் ரீஃபினிஷுக்குக் கழிச்சு. அந்தக் கணக்குப்படி சவுத்வெஸ்ட்தான் விலை ஜாஸ்தி, மகன்தான் மேல காசு போடணும். நான் காசு வாங்க வந்தேனா குடுக்க வந்தேனான்னு அவர் கொதிச்சுட்டார், அப்பா பொய் சொன்னார்னு சொல்றீங்களான்னும் கேட்டார். அப்பா பொய் சொன்னார்னு யாரும் சொல்லல, அவருக்கு வித்தவர் என்ன சொன்னாரோ அதை அவர் நம்பினார், அவ்வளவுதான். அந்த வருத்தம் எனக்குப் புரிஞ்சுது, ஒரு க்யூவோட சேர்ந்து ஒரு மனுஷனோட ஞாபகத்தையும் எடை போட்ட மாதிரி ஆயிடுது, அதனால அன்னிக்கு மேல பேசாம விட்டுட்டேன்.

சில நாள் கழிச்சு சேர்க்கறவரே திரும்பி வந்தார். அவருக்கும் அந்த க்யூ மேல ஆசை, அதை மறைக்கவும் இல்ல. சவுத்வெஸ்ட்டை வெளிய எடுத்துட்டு, ஷோன் கம்பெனியோட நல்ல பழைய க்யூ ஒண்ணும் மீதி ரொக்கமும் தர்றேன்னார். விலையை மூணா பிரிச்சுப் பேசினோம். டைட்லிஸ்ட் பிளாங்க், பழைய வேலை, பொருந்தற ஷாஃப்ட், இது உறுதியானது, இதுக்கு முழு விலை. மாத்தின கை தேர்ந்த கைங்கறது, அதாவது ஜாயின்ட் வேலையும் ரிங் வேலையும் சாதாரணக் கடைசல் இல்லங்கறது, அனேகமா உண்மை, இதுக்கு மேல கொஞ்சம். பாலாபுஷ்காங்கற பேருக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள அதை நிறுவற ஆதாரம் கிடைச்சா சேர்க்கறவர் முன்னாடியே பேசி எழுதின ஒரு தொகையை மேல குடுக்கணும். எது ஆதாரம்னும் எழுதினோம், அந்தக் காலத்து ரசீது, கடிதம், இல்ல இந்த க்யூதான்னு அடையாளம் தெரியற பழைய போட்டோ. யாரோ ஒரு நிபுணர் பார்த்துட்டு அப்படித்தான் தோணுதுன்னு சொல்றது கணக்குல வராது. இந்தக் கடைசி ஷரத்துதான் மகனை ஒத்துக்க வெச்சுது, தன் அப்பா சொன்னதுக்கு ஒரு கதவு திறந்தே இருக்குன்னு அவருக்குத் தோணுச்சு, நியாயமாவும் அது திறந்துதான் இருக்கணும்.

பரிமாற்றம் சிக்கலில்லாம போச்சு. பழக்கம் என்னன்னா இந்த வட்டத்துல பேரும் பழைய டீலும் குறைவா இருக்கறவர் முதல்ல அனுப்பணும், இங்க மகன் க்யூ ஏற்கனவே என்கிட்ட இருந்ததால சேர்க்கறவர் ஷோனையும் என்கிட்டயே அனுப்பினார், ரெண்டையும் பார்த்துட்டு ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் அனுப்பினேன். கெட்டி பிவிசி குழாய், ஜாயின்ட்டுக்கு மூடி, உள்ள ஆடாம ஃபோம், பேக் பண்றதை விடாம வீடியோ, முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ், அதோட மதிப்பைக் காட்ட எழுதின ஒப்பந்தத்தோட நகல். கைக்கு வந்து மூணு நாள் பார்த்துக்க டைம், பிடிக்கலைன்னா அதை வெச்சு ஆட்டம் ஆடாம அப்படியே திருப்பி அனுப்பணும். ரெண்டு பேரும் வெச்சுக்கிட்டாங்க.

சேர்க்கறவர் லினன் சுத்தையும் கோட்டிங்கையும் தொடல, வெள்ளை ஷாஃப்ட்டோட ஜாயின்ட் முகத்தை மட்டும் சரி பண்ண வெச்சார், இப்ப சேர்த்து உருட்டினாலும் நேரா ஓடுது. அவர் என்னிக்காவது விக்கறதா இருந்தா எப்படி எழுதணும்னும் ஒப்பந்தத்துலயே இருக்கு: டைட்லிஸ்ட் ஃபுல் ஸ்ப்ளைஸ், ரெண்டு துண்டா மாத்தினது, மாத்தினவர் தெரியல, முன்பக்கம் ரீஃபினிஷ், ஒரு ஷாஃப்ட் பழசு ஒரு ஷாஃப்ட் பிற்காலம், பூண் மாத்தினது. மகன் வீட்டு ஆல்பங்களைக் கிளறிட்டு இருக்கார். அப்பா க்யூவோட நிக்கற போட்டோ ஏற்கனவே கிடைச்சுது, ஆனா ரொம்ப தூரத்துல இருந்து எடுத்தது, பாயின்ட் கூடத் தெரியல. ஜாயின்ட் ரிங்கும் பட் ஸ்லீவும் தெரியற மாதிரி, பின்னாடி தேதி எழுதின ஒண்ணு வேணும்னு சொல்லியிருக்கேன், அப்பாவோட ஆடின பழைய நண்பர்கள் ரெண்டு மூணு பேர் இன்னும் இருக்காங்களாம், அவங்க வீட்டு ஆல்பத்தையும் கேட்டுப் பார்க்கறேன்னார்.